மண்ணின் மகிமையா? அறிவின் மகிமையா?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில், வைத்தியத்தின் பேரால் நம் மக்களிடையே வழங்கிவரும் மூடப்பழக்கங்களைப் பற்றி நாம் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "காயத்தில் மண்ணை அள்ளி அப்புவது மூடத்தனம் என்று சொல்லுகிறீர்கள். ஆனால் அமெரிக்கப் பட்டாளத்துச் சிப்பாய்க்குக் குண்டடி பட்டால் அங்கே டாக்டர்கள் களிமண்ணைத்தான் வைத்துக் கட்டுகிறார்களாமே! என் பேரன் கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினான். அப்படியானால் நம் பாட்டன் பாட்டிமார் செய்தது சரிதானே? வெள்ளைக்காரன் இன்று கண்டதை நம் முன்னோர்கள் அன்றே கண்டுவிட்டார்கள் என்றுதானே ஏற்படுகிறது?" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் கை தட்டினார்கள்.

பெரியவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு அன்றைய தினம் நேரம் இருந்த அளவுக்குச் சமாதானம் சொன்னோம். ஆனால் இதே செய்தி பல ஊர்களில் பரவிவருவதாகத் தெரிவதாலும், இதை நம்பி யாராவது ஒருவர் தம் குழந்தையின் புண்ணில் மண்ணை வைத்துவிட்டால் அதன் பலன் மரணமாகக்கூட முடியலாம் என்பதாலும், இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, அந்தச் செய்தியில் உள்ள உண்மையை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எதிரி சொன்னான் என்பதற்காக உண்மையை மறைப்பது பகுத்தறிவுக்காரன் வேலையல்ல. களிமண்ணில் ஒருவகை ரத்தத்தை உறையச் செய்யும் என்பது மெய். அதற்குக் கயோலின் என்று பெயர். சீன தேசத்தில் ஜியாங்சி மாகாணத்திலுள்ள கவுலிங் என்ற இடத்தின் பெயரே இந்தப் பெயருக்கு மூலம். பீங்கான் செய்வதற்கு வேண்டிய வெள்ளை மண் இதுதான். நமக்குப் பக்கத்தில் கேரளத்திலும் கொல்லம், திருவனந்தபுரம் பக்கங்களில் இது கிடைக்கிறது. இந்த மண்ணின் பொடியை ஏற்றிய மெல்லிய கட்டுத்துணியை அமெரிக்கப் பட்டாளத்தார் 2008-ம் வருஷம் முதல் உபயோகித்து வருகிறார்கள். சுமார் 3 அங்குல அகலமும் 4 கஜ நீளமும் உள்ள அந்தத் துணியைக் காயத்துக்குள் நன்றாகத் திணித்து, குறைந்தது 3 நிமிஷம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

இது எப்படி வேலை செய்கிறது? மந்திரத்தாலா, மண்மாதாவின் கருணையாலா? இரண்டுமில்லை. நம் ரத்தத்தில் உறைவதற்கு வேண்டிய சத்துக்கள் பல, தூங்குகிறவர்களைப் போல் செயலற்று இருக்கின்றன. ஒன்று விழித்தால் அது அடுத்ததை எழுப்பும்; அது அதற்கடுத்ததை எழுப்பும்; கடைசியில் ரத்தத்துக்குள்ளேயே வலை பின்னினாற் போல நார் உண்டாகிக் கசிவை அடைக்கும். கயோலின் துகள்களின் தட்டையான மேற்பரப்பு பட்டவுடன், 12-ம் எண் கொடுக்கப்பட்ட சத்து விழித்துக்கொள்கிறது. இவ்வளவே ரகசியம். இதே மண்ணைத்தான் ஆஸ்பத்திரிகளின் சோதனைச் சாலைகளில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்பதற்கு வெகுகாலமாகவே உபயோகித்து வந்திருக்கிறார்கள்.

அந்த 12-ம் சத்து ஒன்று இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது? ஞானதிருஷ்டியால் தெரியவில்லை. அமெரிக்காவில் ஜான் ஹேஜ்மன் என்ற ஒரு ரயில்வே தொழிலாளிக்கு ஆப்பரேஷன் செய்வதற்கு முன் ரத்தத்தைச் சோதித்தார்கள். கண்ணாடிக் குழாயில் அவருடைய ரத்தம் சீக்கிரத்தில் உறையவில்லை. ஆனால் அந்த மனிதருக்கோ அதுவரை அதிகமாக ரத்தம் ஒழுகின வியாதியே கிடையாது. இது என்ன வேடிக்கை என்று ஆஸ்கார் ராட்னாப் என்ற டாக்டர் விடாமல் ஆராய்ந்து, அவருடைய ரத்தத்தில் இல்லாத ஒரு சத்தைப் பற்றி 1955-ல் தம்முடைய சகாவோடு சேர்ந்து எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அந்தச் சத்துக்கு அந்தத் தொழிலாளியின் பெயர்தான் வழங்குகிறது. நம் நாட்டிலானால் ஒரு ரிஷியின் பெயரைக் கண்டுபிடித்துச் சூட்டியிருப்பார்கள்!

நிற்க, இந்த மண்துணி ஒரே நாளில் வந்துவிடவுமில்லை. இதற்கு முன்னால் 2002-ல் ஜியோலைட் என்ற ஒரு கனிமப் பொடியை அமெரிக்க சர்க்கார் அனுமதித்தார்கள். மறுவருஷம் இராக் யுத்தத்தில் அது சிப்பாய்களின் காயங்களில் கொட்டப்பட்டது. ரத்தம் நின்றது. ஆனால் அந்தப் பொடி ரத்தத்திலுள்ள நீரை உறிஞ்சும்போது சூடு உண்டாகி, காயத்தைச் சுற்றிலும் வெந்து போவதையும் கண்டார்கள். கண்டதும் என்ன செய்தார்கள்? "பெரியவர்கள் செய்தது, குற்றம் சொல்லாதே" என்றார்களா? "உனக்கு நம்பிக்கை போதாது, அதனால்தான் வெந்தது" என்றார்களா? இல்லை. சரக்கை மாற்றினார்கள். அப்படி மாற்றியதில்தான் சூடு உண்டாக்காத கயோலின் வந்தது.

அதே 2008-ல் ஸ்மெக்டைட் என்ற வேறொரு களிமண்ணைக் குருணையாகச் செய்து, அதையும் பட்டாளத்துக்குச் சிபாரிசு செய்தார்கள். பன்றிகளுக்குக் காயம் செய்து சோதித்ததில் அது ரத்தத்தை மிக நன்றாக நிறுத்தியது. இத்துடன் விட்டிருந்தால் எல்லோரும் மெச்சிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் மேலும் சோதித்தார்கள். சோதித்ததில், அந்த மண் பட்ட ரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுவதையும், குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்வதையும் பார்த்தார்கள். உடனே பட்டாளத்தார் அதை நிறுத்திவிட்டார்கள். வெற்றி பெற்ற மருந்தையே, கெடுதி கண்டதும் தூக்கி எறிந்தார்கள்! தோழர்களே, இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். இன்று வரையில் எந்தக் கோயிலாவது, எந்தத் தர்காவாவது, எந்த மாதா கோவிலாவது தன்னுடைய விபூதியையோ, தீர்த்தத்தையோ, மண்ணையோ, "இதனால் இன்னின்னாருக்குக் கெடுதி உண்டாயிற்று, ஆகையால் இன்று முதல் நிறுத்திவிட்டோம்" என்று சொன்னதுண்டா என்று கேட்கிறோம்.

தெய்வமண் என்பது நம் நாட்டு ஏகபோகமும் அல்ல. கிரேக்க தேசத்தைச் சேர்ந்த லெம்னாஸ் என்ற தீவில் ஒருவிதச் செம்மண் உண்டு. 1800 வருஷங்களுக்கு முன்னால், ஒரு பெண் பூசாரி சடங்கு செய்து அந்த மண்ணை எடுத்து, கரைத்து, வில்லையாக்கி, அம்மனின் முத்திரை குத்திக் கொடுப்பாள். ரணத்துக்கும் விஷத்துக்கும் அது கைகண்ட மருந்தென்று பெயர். அதில் ஆட்டு ரத்தம் கலப்பதாக வைத்திய நூலிலேயே எழுதியிருந்தது. காலன் என்ற பெரிய வைத்தியர் அதைப் படித்துவிட்டு, தாமே கப்பலேறிப் போய்ப் பார்த்து, ஆட்டு ரத்தம் கலப்பதுண்டா என்று அங்குள்ளவர்களை விசாரித்தார்; கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் அந்த மண்ணை நம்பி 20,000 வில்லைகள் வாங்கிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். ஆனாலும் நூலில் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிராமல் நேரில் போய்ப் பார்த்தாரே, அந்த அளவுக்கு அவரை மெச்ச வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? அந்த அம்மன் போய்விட்டாள். கிறிஸ்து மதம் வந்தது. பிறகு அந்தத் தீவைத் துருக்கியர் பிடித்தார்கள். 1500-களில் வருஷத்துக்கு ஒருநாள், ஆகஸ்டு 6-ந் தேதி, பாதிரிமார் பூசை செய்ய, துருக்கி அதிகாரிகள் கூடி நிற்க, அதே மண்ணை வெட்டியெடுத்து முத்திரை குத்தி விற்றார்கள். தெய்வம் மாறிற்று, மதம் மாறிற்று, முத்திரை மாறிற்று. மண்ணும் வியாபாரமும் மாத்திரம் மாறவில்லை. அம்மனின் அருளால் புண் ஆறியிருந்தால், அம்மன் போன பிறகு ஆறியிருக்கக்கூடாது. பாதிரியின் பூசையால் ஆறியிருந்தால், அதற்கு முன்னால் ஆறியிருக்கக்கூடாது. இவ்வளவு சிறிய கேள்வியைக் கேட்க அத்தனை நூற்றாண்டுகளில் எத்தனை பேர் துணிந்தார்கள்?

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். பட்டாளத்துக் கட்டுத்துணியில் உள்ள மண் பொறுக்கியெடுத்து, சுத்தம் செய்து, கிருமி அறவே இல்லாமல் ஆக்கி, உறையிலிட்டு மூடப்பட்ட மண். நம் வாசலிலும் வயலிலும் புற்றிலும் கிடக்கும் மண்ணோ, மாடும் குதிரையும் ஆடும் சாணமிட்ட மண். அதில் ரணஜன்னியின் கிருமி வித்தாக உறங்கிக் கிடக்கிறது. சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் அந்த வித்து எளிதில் சாவதில்லை. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அது முளைத்து விஷத்தைக் கக்குகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, உடம்பு வில்லாய் வளைகிறது, மூச்சு நின்று ஆள் போகிறான். 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்தில், எருவிட்ட பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் விழுந்த சிப்பாய்களுக்கு அந்த மண்ணே எமனாய் வந்தது. ரணஜன்னியாலும், சதையை அழுகச் செய்யும் வேறொரு மண்கிருமியாலும் மாண்டவர்கள் ஏராளம்.

இந்தக் கிருமியை 1889-ல் தனியே பிரித்துக் காட்டியவர் கிட்டாசட்டோ என்ற ஜப்பானியர். மறுவருஷம் அவரும் பேரிங் என்ற ஜெர்மானியரும் சேர்ந்து விஷமுறிவு மருந்தைக் கண்டார்கள். பிறகு தடுப்பூசி வந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் காயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 27 லட்சத்துக்கு மேல். அவர்களில் ரணஜன்னி கண்டவர்கள் 12 பேர். மண் அதே மண்தான். மாறியது மனிதனுடைய அறிவு.

இந்த நோயை நாம் புத்தகத்தில் மாத்திரம் பார்த்தவர்களல்ல. நமக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அடுத்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொடியை அறுத்த இடத்தில் புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்து வைத்தார்கள். புற்றுமண் என்றால் சாமிமண் அல்லவா! ஆறு நாள் குழந்தை நன்றாய்ப் பால் குடித்தது. ஏழாம் நாள் வாய் திறக்கவில்லை. தாய் பாலைப் பீய்ச்சி உதட்டில் விட்டாள்; உதடு பிரியவில்லை. யாராவது தொட்டால், விளக்கைக் கொண்டுவந்தால், அந்தச் சின்ன உடம்பு விறைத்து வளைந்தது. காத்துக்கருப்பு என்றார்கள். கோடாங்கி வந்தான், உடுக்கை அடித்தான், சத்தத்துக்குச் சத்தம் குழந்தைக்கு இழுத்தது. தாயத்துக் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் குழந்தை செத்துப் போயிற்று. அதன்பிறகு அந்தத் தாயின் நட்சத்திரம் பொல்லாதது என்றும், பிள்ளையை விழுங்கியவள் என்றும் ஊர் பேசிற்று. அந்த அம்மாள் வெகுநாள் வரையில் யார் வீட்டுப் பிள்ளையையும் தொட்டுத் தூக்கியதில்லை.

கொன்றது மண், பழி சுமந்தது தாய். மருத்துவச்சியை நாம் குற்றம் சொல்லவில்லை. அவள் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள். அவளுக்கு எழுத்தறிவைக் கொடுக்காமல் புற்றுமண்ணைக் கொடுத்த சமுதாயந்தான் குற்றவாளி.

இப்படிச் செத்த குழந்தைகள் ஒன்றிரண்டு அல்ல. 1988-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 7,87,000 சிசுக்கள் இந்த ஜன்னியால் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் எந்த ஜில்லாவிலும் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இது வருகிறது என்று சொல்லும் நிலைமை 2015-ல்தான் ஏற்பட்டது. அது எந்த யாகத்தால் ஏற்பட்டது? கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசியாலும், ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும், சுத்தமான கத்தியாலும், கொடியில் ஒன்றையும் பூசாதே என்று வீடுவீடாய்ப் போய்ச் சொன்ன செவிலிப் பெண்களாலும் ஏற்பட்டது.

இதற்கு எதிராகச் சிலர், "நான் சிறுவயதில் எத்தனை தடவை மண்ணைப் பூசியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். காந்தியாரும் தம் சுயசரிதையில் இவ்விதமே ஒன்று எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் வந்த தம் மகன் ராம்தாசுக்குக் கை முறிந்து காயம் பட்டிருந்ததாம். காந்தியார் கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, சுத்தமான மண்ணை வைத்துத் தாமே கட்டிவந்தாராம். ஒரு மாதத்தில் ஆறிவிட்டதாம். காந்தியார் பொய் சொன்னார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆறியிருக்கும். ஆனால் ஒருவனுக்கு ஆறியது ஊருக்கெல்லாம் ருஜுவாகுமா? பிழைத்தவன் பத்து வருஷம் கழித்தும் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லுவான். செத்தவன் எந்தக் கூட்டத்துக்கு வருவான்? அந்த ஒன்பது நாள் குழந்தை எந்த மேடையில் ஏறிப் பேசும்? ஆகவேதான் அறிவாளிகள் பிழைத்தவனையும் செத்தவனையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மண் வைத்தியத்தைக் காந்தியார் நம் முன்னோர்களிடமிருந்து கற்கவில்லை. அடால்ப் ஜுஸ்ட் என்ற ஜெர்மானியர் எழுதிய புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதைத்தான் இன்று "பாரதத்தின் புராதன ஞானம்" என்று விற்கிறார்கள்!

மண்ணுக்கு மண் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லி முடிக்கிறோம். ஐவரி கோஸ்ட் தேசத்தில் சதையைத் தின்னும் ஒரு கொடிய புண்ணுக்குப் பிரெஞ்சு அம்மாள் ஒருவர் தம் நாட்டுப் பச்சைக் களிமண்ணை வைத்துக் கட்டி ஆற்றிவந்தார். அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெண்கள் இருவர் இதைக் கேள்விப்பட்டு, கேலியும் செய்யாமல் கும்பிடும் போடாமல், அந்த மண்ணைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மண் பல நோய்க்கிருமிகளைக் கொன்றது. அமைப்பில் அதைப் போலவே இருந்த இன்னொரு மண்ணோ கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை. சில கிருமிகளை வளரவும் செய்தது! கண்ணால் பார்த்தோ, மோந்து பார்த்தோ, சாமி கும்பிட்டோ எது கொல்லும் எது வளர்க்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே பெரியவருக்கு நாம் சொல்வது இதுதான். முன்னோர்கள் மண்ணைப் பூசினார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த மண், எந்தக் காயத்துக்கு, எவ்வளவு, பூசியவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று அவர்கள் கணக்கு வைக்கவில்லை. கணக்கில்லாத இடத்தில் வழக்கம் இருக்கும், அறிவு இருக்காது. அவர்கள் கையில் நுண்ணாடி இல்லை, ஆகையால் அவர்களை நாம் நிந்திக்கவில்லை. எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு இன்றும் புற்றுமண்ணைத் தேடுகிற நம்மைத்தான் நிந்திக்க வேண்டும். களிமண் ரத்தத்தை நிறுத்துகிறது என்ற செய்தியால் முன்னோர்களின் மண்பூச்சுக்குப் பெருமையில்லை. சந்தேகப்பட்டு, சோதித்து, தவறைக் கண்டால் விட்டுவிடத் துணிந்த மனிதப் புத்திக்கே பெருமை.

மற்றபடி, காயம் பட்டால் செய்யவேண்டிய காரியம் மிகவும் சுலபம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துக் கைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிமிஷத்துக்கொருதரம் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிறு காயமானால் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். மண், சாணம், சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். ரணஜன்னி ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். பிறந்த குழந்தையின் தொப்புளில் டாக்டரோ செவிலியோ சொன்னாலன்றி எதையும் பூசாமல் உலர விடுங்கள். இதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை, நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை, தட்சணையும் இல்லை.

இனி யாராவது உங்களிடம் கைப்பேசியைக் காட்டி, "பார்த்தீரா, நம் மண்ணின் மகிமையை" என்று சொல்ல வந்தால், "சோதித்த மண்ணா, சோதிக்காத மண்ணா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அன்று எங்கள் ஊரில் ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பெண் குழந்தைக்கு இன்று நாற்பது வயதிருக்கும்.